பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால்தான்

பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே என் முழங்கால், உன் அத்தானின் ரத்த அழுத்தம், கொல்லைக் குழாய் எல்லாம் சுமாராக ஓடுகின்றன. அங்கே உன் தொப்பையும் அதைத் தாங்குகிற இடுப்பும் சௌக்கியமா?

போனில் பேசக் கூடாதா என்று கேட்காதே. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வயரும் ரிலேயுமாகக் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவள் நான். ஊரார் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தவிர, போன் கூடத்தில் இருக்கிறது. கூடத்தில் உன் அத்தான் இருக்கிறார்.

அவர் நலம். ஓரப் பார்வை மங்கிவிட்டது, இனி ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன அன்றே, யாரும் கேட்காமல் தானே போய் லைசென்ஸை ஒப்படைத்துவிட்டு வந்தார் என்று எழுதியிருந்தேன் அல்லவா? ஆயுசு முழுக்க லைசென்ஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர், தனக்கு மட்டும் சலுகை காட்டுவாரா? அதன்பிறகு கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஜன்னல் பக்கத்து நாற்காலிதான். திரையைத்தான் திறக்க விடுவதில்லை. சரி, அது கிடக்கட்டும். விஷயம் கார்.

நம் கிழட்டுச் சிங்கத்துக்குப் புதிதாக ஒரு கிறுக்கு. அதைச் செய்தவர்கள் உள்ளே ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். சீட்டில் ஆள் உட்கார்ந்தால், பெல்ட் போட்டால்தான் எஞ்சின் கிளம்பும். போடாவிட்டால் குளவி மாதிரி ஒரு பஸ்ஸர் கத்தும். நல்ல எண்ணம்தான். ஆனால் இப்போது பெட்டிக்குப் புத்தி பிசகிவிட்டது. பக்கத்து சீட் காலியாக இருக்கும்போதே அதில் யாரோ இருப்பதாக நினைத்துக்கொண்டு, அவருக்குப் பெல்ட் போடு என்று கத்துகிறது. போட்டாலும் நம்புவதில்லை. வண்டியும் கிளம்புவதில்லை.

ஓடாத வண்டியை ஓட்டல்காரர் ஒருவர் கேட்கிறார். வரவேற்பறையில் நிறுத்தி, போனட்டில் பூச்சட்டி வைக்கப்போகிறாராம். உன் அத்தான், "குடுத்துடலாம். ஓடாத வண்டியும் ஓட்டாத ஆளும் ஒரே வீட்ல எதுக்கு?" என்கிறார். நான் பந்தயம் கட்டிவிட்டேன். ஜூனில் பழைய கார்களின் ஓட்டம் நடக்கிறது. மலைமேல் இருக்கும் தண்ணீர்த் தொட்டி வரை ஏறிவிட்டால் வண்டி நம் வீட்டில், ஏறாவிட்டால் பூச்சட்டி. "யாரு ஓட்டுறது?" என்றார். "நான்தான்" என்றேன். சிரித்தார். பல மாதம் கழித்து முதல் சிரிப்பு. ஆனால் நல்ல சிரிப்பு இல்லை. உனக்குத்தான் தெரியுமே, அவர் லீவில் இருந்த ஒரு வாரமாகப் பார்த்து வேறு இன்ஸ்பெக்டரிடம் நான் வாங்கிய லைசென்ஸ் அது. இன்றுவரை அவர் அதை லைசென்ஸ் என்று ஒத்துக்கொண்டதில்லை.

அந்தப் பெட்டியை எப்படிக் கழற்றுவது என்று விசாரித்து எழுது.

அன்புடன்,
அக்கா

*

பிப்ரவரி 15

அக்காவுக்கு,

தொப்பை பரம சௌக்கியம். என்னைவிட ஓரடி முன்னால் நடந்து எனக்கு வழி காட்டிக்கொண்டிருக்கிறது. உன் முழங்காலுக்கு என் விசாரிப்புகளைச் சொல்.

உன் கடிதம் வந்ததிலிருந்து ஆபீசில் வேலை நடக்கவில்லை. தையல் மெஷின் கம்பெனியில் 'உபயோகிக்கும் முறை' எழுதுகிற நான் இதுவரை ஒரு ஊசியில்கூட நூல் கோத்ததில்லை என்பது ஊரறிந்த ரகசியம். ஆனால் எங்கள் கணக்குப் பிரிவில் ஒருவர் இருக்கிறார். சொந்தப் பெயர் மறந்துபோய் எல்லோருக்கும் அவர் பிஸ்டன். அவரிடமும் இதே மாடல் கார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். முதலாளி வந்தபோதுகூட அவர் அப்படி எழுந்ததில்லை என்று டைப்பிஸ்ட் அம்மாள் சத்தியம் செய்கிறார்.

"அந்தப் பெட்டியா சார்? வாங்கின மறுநாளே புடுங்கிப் போட்டுட்டேன். பூ மாதிரி வரும்" என்றார். அவர் சொன்னது இது: முதலில் பேட்டரி வயரைக் கழற்று. பக்கத்து சீட்டைப் பின்னால் தள்ளினால் மெத்தைக்கு அடியிலிருந்து ஒரு வயர் வரும், அதன் பிளக்கை உருவு. பிறகு டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டால் சோப்பு டப்பா அளவில் பெட்டி தெரியும். அதற்குள் போய்த் திரும்புகிற இரண்டு தடித்த வயர்கள்தான் ஸ்டார்ட்டருக்குப் போகிறவை. பெட்டியை விலக்கிவிட்டு அவை இரண்டையும் சேர்த்து டேப் சுற்றிவிடு. பஸ்ஸரும் பெட்டியோடு போய்விடும். பெல்ட்டில் மட்டும் கை வைக்காதே. பெட்டி இல்லாவிட்டாலும் அதைக் கட்டாயம் போட்டுக்கொள்ள வேண்டும் என்று இரண்டு முறை சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன். இன்னொரு முறையும் சொன்னதாக வைத்துக்கொள்.

வயரின் தோலை உரிப்பது எப்படி என்று தனித்தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதி இணைத்திருக்கிறேன். படம் நானே போட்டது.

யோசனை என்னுடையது என்று அத்தானிடம் மூச்சு விடாதே. சொந்த மச்சான் என்றும் பாராமல் மூன்று தடவை என்னை ஃபெயில் செய்த மனிதர். மூன்றாவது தடவை நான் மரத்தில் இடித்தது உண்மைதான். ஆனால் அந்த மரம் எந்தச் சிக்னலும் காட்டாமல் நின்றுகொண்டிருந்தது.

கழற்றிவிட்டு உடனே எழுது. இங்கே ஒரு பிரிவே காத்திருக்கிறது.

தம்பி

*

மார்ச் 3

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சௌக்கியம். அந்த 'எல்லோரில்' காரையும் பாதி சேர்த்துக்கொள்.

ஒன்றரைப் பக்கம் கிடைத்தது. மிகவும் உபயோகமாக இருந்தது. படத்தில் நீ போட்டிருப்பது வயரா வெங்காயமா என்று மட்டும் தெரியவில்லை.

பெட்டி வரவில்லை. துருப்பிடித்துக் கல்லாக இறுகிக் கிடக்கிறது. ஆனால் வேறொன்று கண்டுபிடித்தேன். பக்கத்து சீட்டில் நிஜமாகவே ஓர் ஆள் உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினால் வண்டி கிளம்பிவிடுகிறது. முதலில் பழைய டெலிபோன் டைரக்டரிகளை அடுக்கிப் பெல்ட் போட்டுப் பார்த்தேன். ஊர் முழுக்க அதற்குள் இருந்தும் பெட்டி ஏமாறவில்லை. ஆள்தான் வேண்டுமாம்.

ஆள் என்றால் வீட்டில் இன்னொருவர்தானே? போய்க் கேட்டேன்.

"ஒரு நிமிஷம் வந்து வண்டியில உக்காருங்க."

"நான் எதுக்கு?"

"வெயிட்டுக்கு."

"பக்கத்து வீட்டு அம்மாவக் கூப்பிடு. வெயிட்டுல என்னைவிட சீனியர்."

"அவங்க உக்காந்தா இறங்க மாட்டாங்க, கடைத்தெரு வரைக்கும் கூட்டிட்டுப் போகச் சொல்லுவாங்க. வாங்க. பந்தயத்துல ஜெயிக்கணும்னு வண்டியக் கிளம்பவிடாம பண்றது ஏமாத்து வேலை."

'ஏமாத்து' என்ற சொல்லுக்கு எழுந்தார். வீட்டுச் செருப்போடுதான். உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் சும்மாவே இருந்தார். பிறகு பெல்ட்டை இழுத்து மாட்டினார். சாவியைத் திருப்பினேன். தம்பி, தெருவில் காக்காய் எல்லாம் பறந்தது. அவர் நேராகப் பார்த்தபடி, "கண்ணாடி பாத்தியா?" என்றார். தெருக்கோடி வரை போய்த் திரும்பினோம். இறங்கும்போது, "திருப்பத்துல சிக்னல் லேட்டு" என்றுவிட்டுப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் காலை திரை பாதி விலகியிருந்தது. வண்டி நிற்கிற பக்கம்.

உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா

*

மார்ச் 12

அக்கா,

இங்கே நலத்துக்குக் குறைவில்லை, பொறுமைக்குத்தான் பஞ்சம். வண்டி கிளம்பியது என்று நான் சொன்னதும் பிஸ்டன் என்னைக் கட்டிப்பிடித்தார். இரண்டு தொப்பைகள் நடுவில் இருந்ததால் கைதான் எட்டவில்லை.

ஆனால் மனிதர் ஒரே பிடியாக நிற்கிறார். அந்தப் பெட்டிக்கு ஆள் எது டைரக்டரி எது என்று தெரியாதாம். எடை இருக்கிறதா, பெல்ட் இருக்கிறதா, அவ்வளவுதானாம். "உங்க அக்கா பெட்டி மட்டும் என்ன சார், முகம் பாத்துப் பேசுதா?" என்கிறார். எனக்கென்ன தெரியும்? துருவை இளக்குகிற எண்ணெயும் நீளமான ஸ்பேனர் ஒன்றும் ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறோம். எப்படிப்பட்ட இறுக்கமும் விட்டுக்கொடுக்கும்.

இன்னொரு சேதி. ஜூன் ஓட்டத்துக்குப் பிஸ்டனும் பெயர் கொடுத்துவிட்டார். தன் வண்டியிலேயே அங்கே வருகிறார்.

அத்தான் மறுபடி வந்து உட்கார்ந்தாரா?

தம்பி

*

ஏப்ரல் 6

அன்புள்ள தம்பிக்கு,

உட்கார்ந்தாராவா? கேள்.

இரண்டாம் நாள் வீட்டுச் செருப்புப் போய் ஷூ வந்தது. அடுத்த வாரம் இஸ்திரி போட்ட சட்டை, பையில் பேனா. இப்போது மடியில் ஒரு அட்டை. அதில் காகிதம் செருகி மார்க் போடுகிறார். நான் முழங்காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்தால், "வண்டிக்குப் பழக்கம் விட்டுப்போயிடும், கிளம்பு" என்று வாசலில் நிற்கிறார். பாலம் வரை போகிறோம், நூலகம் வரை போகிறோம், காரணமே இல்லாமல் விமான நிலையம் வரை போய் ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்புகிறோம். போகிற வழியெல்லாம் பாட்டு:

"கிளட்ச்ல கால வெச்சுட்டே ஓட்டுறே. அது என்ன, கால் வைக்கிற மணையா?"

"சரி."

"'சரி'ங்கிறப்ப என்னைப் பாக்காத, ரோட்டப் பாரு."

"சரி."

"மறுபடியும் பாக்குற."

நேற்று குறுக்கே வந்த பஸ் டிரைவரை, கண்ணாடியை இறக்கி, "தம்பி, உங்களுக்கு லைசென்ஸ் குடுத்தது யாரு?" என்று கேட்டார். அவன் உற்றுப் பார்த்துவிட்டு, "நீங்கதான் சார்" என்றான். அன்று ராத்திரி சாப்பாடு வரைக்கும் அதையே சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நல்ல சிரிப்பு.

எனக்குத் தினமும் ஃபெயில். ஒரு தடவை மலைப்பாதையும் முயன்றோம். பாதியில் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. ஓட்டல்காரர் அதைக் கேள்விப்பட்டுப் பூச்சட்டிக்கு அளவெடுக்க வந்து போனார். உன் அத்தான் அவரை வாசலிலேயே நிறுத்தி, "ஜூன் வரைக்கும் டைம் இருக்கு" என்றார்.

பார்சல் வந்தது. அன்று நல்ல மழை. அவர் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்ப மனசு வரவில்லை. நானே போய்ப் பின் சீட்டில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். ஸ்பேனர் அருமை. பிஸ்டனுக்கு நன்றி சொல். அங்கே மழைக்கு நனையாதே, உனக்குச் சளி பிடித்தால் ஊருக்கே தும்மல் கேட்கும்.

அக்கா

*

ஏப்ரல் 14

அக்காவுக்கு,

சளி இல்லை. சந்தேகம்தான் பிடித்திருக்கிறது.

பார்சல் ஆபீஸ் உங்கள் ஊரின் மறுகோடி. அத்தான் தூங்கிக்கொண்டிருந்தார். நீ பின் சீட்டில் போட்டுக் கொண்டுவந்தாய். எந்த வண்டியின் பின் சீட்டு? பக்கத்து சீட்டில் யார்?

தம்பி

*

மே 8

அக்கா,

உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மூன்று வாரத்துக்கு மேல் ஆகிறது. தபால்காரர் என்னைப் பார்த்தாலே எதிர்ப்பக்கம் போய்விடுகிறார்.

நான் கேட்டதில் தப்பு இருந்தால் கேட்கவில்லை என்று வைத்துக்கொள். நீ டாக்சியில் போயிருக்கலாம். பக்கத்து வீட்டு அம்மாள் வந்திருக்கலாம். பிஸ்டன் ஒரு படி மேலே போய், துரு தானாகவே இளகியிருக்கும் என்கிறார். நான் துப்பறிகிறவன் இல்லை, தையல் மெஷின்காரன். ஒரு வரி எழுது. வண்டி மலை ஏறுமா என்று மட்டுமாவது சொல்.

தம்பி

*

மே 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். படித்துவிட்டு இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடு. பிஸ்டனுக்குப் படித்துக் காட்டாதே.

பெட்டி வண்டியில் இல்லை. உன் ஒன்றரைப் பக்கம் வந்து சேருவதற்கு முன்பே கழற்றிவிட்டேன். உனக்கு எழுதிப் போட்டுவிட்டேனே தவிர, பதில் வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியவில்லை. என்ன பெரிய வித்தை, எக்ஸ்சேஞ்சில் பார்க்காத ரிலேயா? காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. சாவியைத் திருப்பினேன், தனியாகவே கிளம்பியது. கரி பூசிய முகத்தோடு குதித்துக்கொண்டு கூடத்துக்கு ஓடினேன், சொல்லலாம் என்று.

அவர் திரை மூடிய ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "வண்டியில ஒரு சுத்து போய்ட்டு வரலாமா?" என்றேன். "நீ போய்ட்டு வா" என்றார். கோபமாக இல்லை. அப்படியே, சாதாரணமாக. அந்தச் சாதாரணம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

திரும்பிப் போய் வண்டியில் உட்கார்ந்து யோசித்தேன். வா என்றால் வரமாட்டார். ஆனால் அவர் இல்லாமல் வேலை நடக்காது என்றால் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். அதனால் போய்ப் பொய் சொன்னேன். உனக்கும் அதே பொய்யை எழுதினேன். உன்னிடம் உண்மையைச் சொன்னால் காத்திருக்கும் அந்தப் பிரிவுக்கே தெரிந்துவிடுமே.

இப்போது தூங்கும்போதும் பயம். தெரிந்துவிட்டால், ஏமாற்றி அழைத்துப் போனாள் என்று ஆகிவிடும். அவருக்கு அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. மறுபடி நாற்காலி, மறுபடி திரை. ஓட்டத்தில் தோற்று வண்டி போனால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது. பெட்டியை என் பட்டன் டப்பாவில், பட்டன்களுக்கு அடியில் புதைத்து வைத்திருக்கிறேன்.

நீ சாப்பாட்டைக் குறை.

அக்கா

*

மே 23

அக்கா,

சாப்பாடு தானாகவே குறைந்துவிட்டது.

பிஸ்டன் கிளம்பிவிட்டார். வழியில் மாமனார் வீடு, மாமா வீடு என்று தங்கித் தங்கி வருவதாக உன் கடிதம் வருவதற்கு முந்தின நாளே லீவு போட்டுப் போய்விட்டார். எந்த வீட்டு விலாசமும் யாருக்கும் தெரியவில்லை. இதில் நான் செய்த புண்ணியம் என்னவென்றால், போகிறவரைத் தோளில் தட்டி, "அக்கா வண்டியில பெட்டி இறுகிக் கெடக்கு. அங்க போனதும் அத்தான் முன்னாலயே ஒரு கை பாத்துடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். தன் ஸ்பேனர் செட்டை முத்தமிட்டுவிட்டுப் போனார்.

அக்கா, அவர் நல்ல மனிதர். ஆனால் அவர் வாயை மூட ஸ்பேனர் கிடையாது. கறுப்புக் கண்ணாடி, பச்சை வண்டி, தூரத்திலிருந்தே சிரிப்புக் கேட்கும். கண்டதும் ஓடிப்போய்த் தனியாக இழுத்துச் சொல்லிவிடு.

ஒன்றரைப் பக்கம் எழுதியவனை மன்னித்துவிடு.

தம்பி

*

ஜூன் 16

அன்புள்ள தம்பிக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீ மூச்சு விடலாம். ஆனால் முழுசாகப் படித்துவிட்டு விடு.

ஓட்டத்தன்று காலையிலிருந்து பச்சை வண்டியைத் தேடினேன், காணோம். எங்கள் முறை வந்து, கோட்டில் நின்று, கொடிக்காரர் கையைத் தூக்கப் போகும் சமயம் பார்த்துப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு. "மேடம், நான்தான் பிஸ்டன். தம்பி எல்லாம் சொன்னாரு." நான் வாயைத் திறப்பதற்குள் மனிதர் என் பக்கக் கதவைத் திறந்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டுவிட்டார். உள்ளேயிருந்து குரல் வருகிறது: "என்ன மேடம் இது, இங்க பெட்டியே..."

"கைய எடுங்க" என்றார் உன் அத்தான்.

அந்தக் குரலை நீ கேட்டிருப்பாய், மரத்தில் இடித்த அன்று. பிஸ்டன் அப்படியே உறைந்துவிட்டார்.

"இல்ல சார், பெட்டி..."

"பெட்டி பத்தி எனக்குத் தெரியும். கோட்டுல நிக்கிற வண்டியில வெளியாள் கை வைக்கக் கூடாது. விதி. வெளிய வாங்க."

தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார், பாவம். கொடி இறங்கியது. நல்லவேளை, விதி என்று வந்துவிட்டால் உன் அத்தானுக்கு வேறெதுவும் காதில் விழாது. பிழைத்தேன் என்று கியரைப் போட்டேன்.

மலையில் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. கடைசித் திருப்பம், தொட்டி கண்ணுக்குத் தெரிகிறது. முன்னால் போன வண்டி சட்டென்று நின்றுவிட்டது. நானும் பிரேக் போட்டேன், எஞ்சின் அணைந்துவிட்டது. பின்னால் வரிசை. சாவியைத் திருப்பினால் முனகுகிறது, கிளம்பவில்லை. போனட்டில் பூச்சட்டி இருப்பது போலவே எனக்குத் தெரிந்தது.

"பதறாத" என்றார். "பெட்டி குழம்பியிருக்கும். நான் பெல்ட்டக் கழட்டி மறுபடி மாட்டுறேன். அதுவரைக்கும் சாவியத் தொடாத. மூச்ச விடு."

கழற்றினார். நிதானமாக, ஏதோ பூட்டைத் திறக்கிற மாதிரி, மறுபடி இழுத்து மாட்டினார். வண்டியில் இல்லாத பெட்டிக்காக அந்த மனிதர் அவ்வளவு கவனமாகச் செய்ததைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. "இப்பத் திருப்பு" என்றார். திருப்பினேன். கிளம்பியது, தம்பி. தொட்டியைத் தொட்டுவிட்டோம்.

மேலே ஓட்டல்காரர் நின்றிருந்தார். உன் அத்தானே போய், "வேற பூச்சட்டி பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தார். நான் மிதப்பாக, "இப்பவாவது பாஸா?" என்றேன்.

"வண்டி பாஸ். சரிவுல எஞ்சின அணைய விட்டே. நீ ஃபெயில். ஞாயித்துக்கிழமை மறுபடி டெஸ்ட்."

பிஸ்டனுக்குக் காபி வாங்கிக் கொடுத்துத் தனியாக எல்லாவற்றையும் சொன்னேன். அழுதுவிட்டார். வாயைத் திறக்கமாட்டேன் என்று ஸ்பேனர் மேல் சத்தியம். ரகசியம் நம் மூவரோடு நிற்கட்டும்.

அக்கா

*

ஜூன் 20

மச்சானுக்கு,

நலம். உன் நலத்தை உன் அக்காவுக்கு நீ எழுதும் கடிதங்கள் வழியாகத் தெரிந்துகொள்கிறேன்; அதாவது, அவள் படித்துச் சிரிக்கும் சத்தத்திலிருந்து. கடிதங்களை நான் தொட்டதில்லை.

உனக்கு எழுதுவது உன் அக்காவுக்குத் தெரியாது. தெரிய வேண்டாம்.

முதல் நாள் என்னை வண்டியில் உட்காரச் சொன்னாள். உட்கார்ந்ததும் பெல்ட் போடாமல் கொஞ்ச நேரம் காத்திருந்தேன். இத்தனை வருஷமாகக் கத்திய பஸ்ஸர் கத்தவில்லை. என் பார்வை ஓரத்தில்தான் மங்கல், காது ஒழுங்காக இருக்கிறது. பெட்டி போய்விட்டது என்று புரிந்துகொண்டேன். எதற்காக என்னைக் கூப்பிட்டாள் என்று புரிய இன்னும் கொஞ்ச நேரம் ஆயிற்று. தெருக்கோடி வரை ஆயிற்று.

சொல்லியிருக்கலாம். சொன்னால், நாளைக்கு எதற்குக் கிளம்புவது?

உன் அக்கா நன்றாக ஓட்டுகிறாள். நான் டெஸ்ட் எடுத்தவர்களில் இவ்வளவு நன்றாக ஓட்டியவர்கள் குறைவு. பாஸ் போட்டால் டெஸ்ட் முடிந்துவிடும். ஆகவே ஃபெயில். இந்த ஞாயிற்றுக்கிழமையும் ஃபெயில்தான், காரணத்தை அன்றைக்குப் பார்த்துக்கொள்வேன். உன் விஷயத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதே. உன்னை நியாயமாகத்தான் ஃபெயில் செய்தேன்.

ஓர் உதவி வேண்டும். உன் அக்கா உன்னிடம் எதையும் மறைக்கமாட்டாள், இதுவும் உனக்குத் தெரிந்திருக்கும். பெட்டியைப் பட்டன் டப்பாவிலிருந்து வேறு இடத்துக்கு மாற்றும்படி, நான் சொன்னதாக இல்லாமல், எப்படியாவது அவளுக்கு எழுது. இப்போது தினமும் இஸ்திரிச் சட்டை போடுகிறேன், பட்டன் அறுகிறது. தைக்க அவள் எதிரில் டப்பாவை எடுக்கும்போதெல்லாம் பெட்டியைப் பார்க்காத மாதிரி நடிக்க வேண்டியிருக்கிறது.

உன் அத்தான்